பழைய காருல 'டொக் டொக்' சத்தமா? பார்ட்ஸ் மாத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

என் காருக்கு 14 வயசு. ஒரு நாள் காலைல ஓட்டிட்டுப் போறப்ப முன்பக்கத்துலேருந்து யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டுற மாதிரி டொக், டொக்டொக்னு ஒரு சத்தம். அன்னிக்கு ஆரம்பிச்சது நாலு மாசம் என்னை விடல. மூணு வொர்க்‌ஷாப் ஏறி இறங்கினேன். ரெண்டு ஷாக் அப்சார்பர் மாத்தியாச்சு, அப்புறம் ரெண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழேருந்து பாடியோட பிடிச்சிருக்குற கை) மாத்தியாச்சு, மூணாவது ஆளு கியர் பாக்ஸை இறக்கிப் பாத்துடலாம் சார்னு சொன்னப்பதான் வயித்தக் கலக்குச்சு. கடைசில அதைக் கண்டுபிடிச்சது காரைப் பத்தி ஒண்ணுமே தெரியாத எங்கம்மா, அதுவும் பின்சீட்ல உக்காந்தபடி. அந்தக் கதை 6ஆவது படில வருது.

நான் மெக்கானிக் இல்ல. நீங்களும் இல்லன்னு வச்சுக்கிட்டுதான் எழுதுறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாட்டியும் இதுல முக்கால்வாசி உங்களால செய்ய முடியும், ஏன்னா சத்தத்தைக் கண்டுபிடிக்கிற வேலைல பாதிக்கு மேல 'எப்ப வருது, எப்ப வரல'ங்கிறதுதான். அதை மெக்கானிக்கை விட தினமும் ஓட்டுற உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

1. ஓட்டலாமா, இப்பவே நிறுத்தணுமா

மத்த எதுக்கும் முன்னாடி இதை முடிவு பண்ணுங்க. கீழ சொல்றதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைச்சிடுங்க.

சத்தத்தோட சேத்து டேஷ்போர்டுல ஆயில் பிரஷர் லைட் எரியுது. ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க எஞ்சின் அடிப்பக்கத்துலேருந்து கனமா, சுத்தியலால அடிக்கிற மாதிரி சத்தம் கூடுது. சக்கரத்துப் பக்கம் தட்டுது, கூடவே ஸ்டியரிங் ஆடுது இல்ல வண்டி ஒரு பக்கமா இழுக்குது. பிரேக் பெடல் முன்னைவிட கீழ போகுது.

எஞ்சினை அணைச்சதும் சமதளத்துல நிறுத்தி அஞ்சு, பத்து நிமிஷம் கழிச்சு டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைச்சுத் திரும்பவும் விட்டு எடுத்துப் பாருங்க. ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழ இருந்தா ஊத்துங்க, ஆனா ஊத்துனதும் சத்தம் போகலன்னா இல்ல அந்த லைட் அணையலன்னா ஓட்டாதீங்க, டோ பண்ணுங்க. டோ செலவைப் பாத்து 'பத்து கிலோமீட்டர்தானே'ன்னு ஓட்டிட்டுப் போறவங்க சின்ன பேரிங் செலவுல முடிய வேண்டியதை எஞ்சினோட முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வரைக்கும் கொண்டு போயிடுறாங்க.

அப்புறம் வீல் நட்டு. சமீபத்துல டயர் கழட்டி மாட்டியிருந்தா முதல் வேலையா அதைத்தான் பாக்கணும். நட்டு லூஸானாலும் இதே மாதிரி தட்டும், வேகத்தோட சேந்து கூடும். டிக்கில இருக்குற வீல் ஸ்பேனரே போதும், அஞ்சு நிமிஷ வேலை.

2. கடைசி பில்லை எடுங்க

இதைத்தான் நான் செய்யல. காசு செலவில்லாத படி, அதனாலயே யாரும் மதிக்கிறதில்ல.

சத்தம் ஆரம்பிச்ச தேதியை ஒரு காகிதத்துல எழுதுங்க, பக்கத்துல அதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்துல கார்ல நடந்த எல்லா வேலையும் தேதியோட எழுதுங்க. டயர் ரொட்டேஷன், பேட்டரி மாத்துனது, பிரேக் பேட், ஆயில் சர்வீஸ், கண்ணாடி ஒட்டுனது, ஸ்பீக்கர் போட்டது, எல்லாம். பேட்டரி மாத்தி அடுத்த நாள் சத்தம் வந்தா பேட்டரியைப் பிடிச்சிருக்குற கிளாம்ப் லூஸா இருக்கலாம். ஆயில் சர்வீஸ் முடிஞ்சு சத்தம் வந்தா அடில இருக்குற பிளாஸ்டிக் கவரை ரெண்டு ஸ்க்ரூ விட்டுட்டு மாட்டியிருக்கலாம், இல்ல கிரேடு மாத்தி ஆயில் ஊத்தியிருக்கலாம். பழைய கார்ல எது எப்பத் தேயும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா கடைசியா கை வச்ச இடம்தான் முதல்ல சந்தேகப்பட வேண்டிய இடம்.

வேற என்னென்ன காகிதம் வேணும்னா: சர்வீஸ் புக்கு, ஓனர் மேனுவல், பழைய பில்லு. மேனுவல்ல எந்த கிரேடு ஆயில், எவ்ளோ ஆக்டேன் பெட்ரோல்னு போட்டிருக்கும், அந்த ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. சேசிஸ் நம்பரை வச்சு கார் கம்பெனியோட சைட்டுல ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரி பண்ண கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடுறது) ஏதாவது பாக்கி இருக்கான்னும் பாத்துடுங்க. கார் பழசு, நமக்கெல்லாம் எங்க இருக்கப் போகுதுன்னு விட்டுடாதீங்க. செகண்ட் ஹேண்டா வாங்குன வண்டியில முந்தின ஓனர் கவனிக்காம விட்ட ரீகால் அப்படியே கிடக்கும். ரீகால் வேலையைப் பொதுவா கம்பெனியே காசு வாங்காமப் பண்ணிக் குடுக்கும்.

3. சத்தத்துக்கு ஒரு நோட்டு போடுங்க

ஒரு வாரம் போதும். ஒவ்வொரு தடவை சத்தம் வரும்போதும் ஒரு வரி. வண்டியை நிறுத்திட்டு எழுதுங்க, ஓட்டிட்டே எழுதாதீங்க. என் நோட்டு கடைசில இப்படி இருந்துச்சு:

'காலை, வண்டி சில்லுனு இருக்கு, நின்னுட்டு இருக்கும்போது சத்தம் இல்ல. கல்லு ரோட்டுல 20 கிமீ வேகம், டொக்டொக்டொக். நல்ல ரோட்டுல 60ல போறப்ப இல்ல. ஸ்பீட் பிரேக்கர்ல இல்ல!!'

அந்த ரெண்டு ஆச்சரியக்குறியைப் பாத்திருந்தாலே பாதி விஷயம் புரிஞ்சிருக்கும், அப்பப் புரியல.

எழுத வேண்டியது இவ்ளோதான். எஞ்சின் சூடா, குளிர்ச்சியா. வண்டி நிக்குதா, ஓடுதா. சத்தத்தோட வேகம் ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கிறதைப் பின்பற்றுதா இல்ல சக்கரத்தைப் பின்பற்றுதா. கிளட்ச், பிரேக், ஏசி, ஸ்டியரிங், இதுல எதைத் தொட்டா சத்தம் மாறுது. ஆர்பிஎம்மா சக்கரமான்னு பாக்க ஒரு சுலபமான வழி, காலி ரோட்டுல ஒரே வேகத்துல போயிட்டே ஒரு கியர் மாத்துங்க. வேகம் அதேதான், ஆர்பிஎம் மட்டும் மாறுது. சத்தத்தோட தாளமும் மாறுச்சுன்னா எஞ்சின் பக்கம். மாறலன்னா சக்கரம், ஆக்சில், பிரேக் பக்கம். தாளமே இல்லாம மேடு பள்ளத்துல மட்டும் வந்தா சஸ்பென்ஷன், இல்ல ஏதோ ஒண்ணு லூஸா தொங்குது.

போன்ல ரெக்கார்டும் பண்ணிக்கோங்க. மெக்கானிக்கிட்ட வண்டியை விட்ட அன்னிக்குன்னு பாத்து சத்தம் வரவே வராது, பல் வலி டாக்டரைப் பாத்ததும் போற மாதிரி. வீடியோல ஆர்பிஎம் முள்ளும் தெரியுற மாதிரி எடுத்தா அதுவே சாட்சி. ஆனா போன் மைக்கை நம்பி 'ரொம்ப பெரிய சத்தம்'னு பயப்படாதீங்க, அது சின்ன சத்தத்தையும் இழுத்துப் பெருசாக்கிக் காட்டும். தாளத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்க.

4. டிக்கியைக் காலி பண்ணுங்க

சிரிக்காதீங்க. ஜாக்கி, ஸ்டெப்னி, டூல் பை, சீட்டுக்கு அடில உருளுற தண்ணி பாட்டில், பின்சீட் பெல்ட்டோட பக்கிள் பிளாஸ்டிக்குல இடிக்கிறது, எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சுட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. ஸ்டெப்னியை இறுக்குற போல்ட்டை கையால திருகிப் பாருங்க. அப்படியே பானெட்டைத் தூக்கி பேட்டரியை ஆட்டிப் பாத்துடுங்க. மொத்தம் 20 நிமிஷம், இதோட பிரச்சினை முடிஞ்சவங்க நெறைய பேரு.

5. நின்னுட்டு இருக்கும்போதே வருதா? அப்ப எஞ்சின் பக்கம்

இங்கதான் பெரிய பயமும் பெரிய ஏமாத்தமும் இருக்கு, அதனால கொஞ்சம் நிதானமாப் படிங்க.

முதல்ல குளிர்ச்சி, சூடு. ராத்திரி முழுக்க நின்ன வண்டியை காலைல ஸ்டார்ட் பண்றப்ப ஒண்ணு ரெண்டு செகண்ட் மட்டும் கடகடன்னு வந்து நின்னுடுதுன்னா ஆயில் மேல ஏறுற வரைக்கும் வர்ற சத்தம். ஆயில் ஃபில்டருக்குள்ள ஆயில் திரும்ப வடியாம இருக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும், மட்டமான ஃபில்டர்ல அது ஒழுங்கா மூடாது. ஃபில்டரை மாத்திப் பாருங்க. டைமிங் செயின் (எஞ்சினுக்குள்ள வால்வுகளை நேரத்துக்கு இயக்க வைக்கிற சங்கிலி) இருக்குற வண்டின்னா, அதை இறுக்கிப் பிடிக்கிற செயின் டென்ஷனரையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க, அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

சில்லுனு இருக்கும்போது நல்லா சத்தம், சூடானதும் குறைஞ்சு காணாமப் போகுதுன்னா ரெண்டு வாய்ப்பு. ஒண்ணு, பிஸ்டன் சிலிண்டர் சுவத்துல தட்டுறது. தேய்மானத்தால இடைவெளி கூடியிருக்கும், சூடானதும் அலுமினிய பிஸ்டன் விரிஞ்சு அந்த இடைவெளி குறையும். இப்படியே பல வருஷம் ஓடுற வண்டிங்க இருக்கு. ரெண்டு, எஞ்சின்லேருந்து புகையை வெளிய எடுக்குற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாய்ல லீக். அதுவும் இரும்பு சூடாகி விரிஞ்சதும் அடைச்சுக்கும். 'ச்சக் ச்சக்'னு காத்து கலந்த சத்தமா இருக்கும், ஜாயிண்ட்டுல கருப்பா புகைக்கறை படிஞ்சிருக்கும், ஒரு போல்ட் ஒடைஞ்சிருக்கும். காதுக்கு டாப்பெட் (வால்வைத் தள்ளுற பாகம்) சத்தம் மாதிரியே கேக்கும்ங்கிறதால இதுக்காக எஞ்சினோட மேல்பாகமான ஹெட்டைத் திறந்தவங்களும் உண்டு.

தலைகீழா, சூடானப்புறம் சத்தம் கூடுதுன்னா கவனம். ஆயில் சூடாகி இளகுனதும் தேஞ்சுபோன பேரிங் தட்ட ஆரம்பிக்கும். பிஸ்டனை கிராங்கோட இணைக்கிற கனெக்டிங் ராடோட பேரிங் சத்தம் கீழேருந்து வரும், கனமா இருக்கும், ஆக்சிலேட்டரை மிதிச்சு விடுற அந்தத் தருணத்துல தெளிவாக் கேக்கும்.

அடுத்தது தாளம். கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா, வால்வைத் திறந்து மூட வைக்கிற கேம் ஷாஃப்ட் ஒரு சுத்துதான் சுத்தும். அதனால மேல வால்வு, டாப்பெட் பக்கம் வர்ற சத்தம் கீழ ராடு பக்கம் வர்ற சத்தத்தை விட பாதி வேகத்துல, மெல்லிசா 'டிக் டிக்'னு இருக்கும். ஆக்சிலேட்டரைத் தொடாம 800 ஆர்பிஎம் ஐடில்ல ஓடும்போது கிராங்க் ஒரு செகண்டுக்கு 13 சுத்து, கேம் ஆறோ ஏழோ. காதால எண்ண முடியாது, ஆனா போன்ல எடுத்த வீடியோவை கால் வேகத்துல ஓட விட்டா எண்ணிடலாம். நான் ஒரு நண்பர் வண்டிக்கு இப்படி எண்ணிப் பாத்தேன், மேல டாப்பெட்தான்னு தெரிஞ்சதும் அவரு மூஞ்சில உயிர் வந்துச்சு.

இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் ஒண்ணு விக்குது, விலை கம்மிதான். இல்லன்னா நீளமான ஸ்க்ரூ டிரைவரோட முனையை எஞ்சின் மேல வச்சு பிடியைக் காதுக்குப் பின்னாடி எலும்புல வைங்க. மேல வால்வு கவர், நடுவுல பிளாக், கீழ ஆயில் தேங்குற சம்ப், பக்கத்துல ஆல்டர்னேட்டர்னு ஒவ்வொரு இடமா. தொங்குற துணி, தலைமுடி, வளையல், எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் அணைச்சப்புறமும் திடீர்னு சுத்தும், கையை அங்க விடாதீங்க.

எஞ்சினுக்கு வெளிய இருக்குறதை முதல்ல கழிச்சுக் கட்டுங்க. ஏசியை ஆன் ஆஃப் பண்ணிப் பாருங்க, மாறுச்சுன்னா கம்ப்ரசர் பக்கம். மெக்கானிக்கை விட்டு ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு ஒரு அரை நிமிஷம் ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. சத்தம் போயிடுச்சுன்னா ஆல்டர்னேட்டர், டென்ஷனர், புல்லி, இதுல ஒண்ணு. பல வண்டில வாட்டர் பம்பும் அதே பெல்ட்லதான் சுத்துதுங்கிறதால ரொம்ப நேரம் ஓட விடக்கூடாது. மேனுவல் கியர் வண்டின்னா கிளட்சை மிதிங்க. மிதிச்சா சத்தம் நிக்குதுன்னா கியர் பாக்ஸ் பக்கம், மிதிச்சாத்தான் வருதுன்னா கிளட்சோட ரிலீஸ் பேரிங். சைலென்சர் மேல இருக்குற மெல்லிசு தகடு, ஹீட் ஷீல்டு, அதோட போல்ட் துருப்பிடிச்சு ஒடைஞ்சா ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும் ஜிர்ர்னு அதிரும், அதுக்கு ஒரு கிளாம்ப் போதும்.

ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிருக்கீங்களா? அப்ப இதை ரெண்டு தடவை படிங்க. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற ஃபிளெக்ஸ் பிளேட்னு ஒரு மெல்லிசான தட்டு இருக்கும். அதுல விரிசல் விட்டாலோ அதோட சேர்ற டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை கியர் பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) போல்ட் லூஸானாலோ வர்ற சத்தம் அச்சு அசல் ராடு பேரிங் சத்தம் மாதிரியே இருக்கும். எஞ்சின் போச்சுன்னு யாராவது சொன்னா, 'ஃபிளெக்ஸ் பிளேட்டைப் பாத்துட்டீங்களா, ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாத்தீங்களா'ன்னு கேளுங்க. பாத்துட்டுச் சொன்னா சரி. பாக்காமச் சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

அந்த கேஜ் விஷயம் முக்கியம். டேஷ்போர்டு ஆயில் லைட் பிரஷர் ரொம்ப ரொம்ப கீழ போனாத்தான் எரியும், எரியலங்கிறதுக்காக பிரஷர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழட்டிட்டு அந்த இடத்துல கேஜை மாட்டி, எஞ்சின் நல்லா சூடானப்புறம் ஐடில்லயும் 2000, 3000 ஆர்பிஎம்லயும் பாக்கணும். சர்வீஸ் மேனுவல்ல உங்க எஞ்சினுக்குன்னு அளவு போட்டிருக்கும், கைல மேனுவல் இல்லன்னா 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐன்னு ஒரு தோராயக் கணக்கு மெக்கானிக்குங்க சொல்வாங்க.

கூடவே ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ள இருக்குற காகிதத்தைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. பேரிங் தேஞ்சிருந்தா மினுமினுன்னு வெள்ளியாவோ செம்பு நிறத்துலயோ துகள் இருக்கும். இதுல ஒரு பொறி இருக்கு, காந்தம் வச்சுப் பாத்துட்டு 'ஒட்டல, ஒண்ணுமில்ல'ன்னு சொல்வாங்க. பேரிங்கோட மேல் பூச்சு அலுமினியம், செம்பு, ஈயம் மாதிரி உலோகம், காந்தத்துல ஒட்டாது.

இன்னொரு பொறி, கெட்டியான ஆயிலை ஊத்தி சத்தத்தை அமுக்குறது. சத்தம் குறையும், பேரிங் தேயுறது குறையாது. செகண்ட் ஹேண்ட் வண்டியை விக்கிறதுக்கு முன்னாடி இதைப் பண்றவங்களும் இருக்காங்க, அதனால பழைய வண்டி வாங்கப் போறப்ப எஞ்சினை நல்லா சூடாக்கிட்டுக் கேளுங்க.

ஏத்தத்துல பெரிய கியர்ல திணறி ஏறும்போது மட்டும் தகர டப்பாவுல கோலிகுண்டு போட்டு ஆட்டுற மாதிரி வருதுன்னா அது வேற, பெட்ரோல் சரியான நேரத்துக்கு எரியாம தாறுமாறா வெடிக்கிறது. மேனுவல்ல சொன்ன ஆக்டேனை விட கம்மியான பெட்ரோல், உள்ள கார்பன் படிவு, எஞ்சின் அளவுக்கு மீறி சூடாகுறது, ஈஜிஆர் (புகையில கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்புற வால்வு) அடைப்பு, இந்த வெடிப்பைக் கவனிக்கிற நாக் சென்சார் கோளாறு, இப்படி காரணம் இருக்கும். ஒரு டேங்க் அதிக ஆக்டேன் போட்டு ஓட்டிப் பாருங்க, குறைஞ்சா திசை தெரிஞ்சிடும். ஆனா அதோட விட்டுடாதீங்க, நாளாவட்டத்துல பிஸ்டனை ஓட்டை போடுற விஷயம் இது.

எந்த சிலிண்டர்னு பாக்க ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரா கழட்டிப் பாக்குற முறை ஒண்ணு இருக்கு, ராடு தட்டுற சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் அமுங்கும். இதை மெக்கானிக்கே பண்ணட்டும். ஓடுற எஞ்சின்ல பிளக் ஒயரை கையால இழுத்தா ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்துற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். காமன் ரெயில் டீசல்ல இன்ஜெக்டர் பைப்பை லூஸ் பண்ணவே கூடாது, பிரஷர் 1000 பாருக்கு மேலயும் போகும், டீசல் தோலைத் துளைச்சிட்டு உள்ள போகும்.

6. ஓடும்போது மட்டும் வருதா? அப்ப கீழ பாருங்க

இதுதான் என் கதை.

முதல் சோதனை, ஒரு சுவர் ஓரமா கண்ணாடியை இறக்கிட்டு மெதுவாப் போங்க. சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பி வரும், அப்புறம் திரும்பி மறுபக்கம். எந்தப் பக்கம்னு ஓரளவு தெரிஞ்சிடும். ஓரளவுதான், ஏன்னா பாடி வழியா சத்தம் ஓடும், இடது பக்கம் தட்டுறது வலது கால்கிட்ட கேக்கும்.

ரெண்டாவது, ஸ்பீட் பிரேக்கர்ல ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்துல ஏறுற மாதிரி நேரா ஏறுங்க, அப்புறம் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்குற மாதிரி போங்க, 10லேருந்து 20 கிமீ வேகம் போதும். ஸ்டெபிலைசர் பார், அதாவது இடது வலது சக்கரத்தை இணைக்கிற இரும்புக் கம்பி, ரெண்டு சக்கரமும் வேற வேற உயரத்துல இருக்கும்போதுதான் வேலை செய்யும். அதனால ஒத்தை சக்கரத்துல மட்டும் சத்தம்னா முதல்ல அந்தக் கம்பியோட முனையைச் சக்கரப் பக்கம் மாட்டுற லிங்க் ராடையும், கம்பியைப் பிடிச்சிருக்குற ரப்பர் புஷ்ஷையும் பாருங்க. பழைய கார்ல சஸ்பென்ஷன் சத்தம்னாலே நான் முதல்ல கை வைக்கச் சொல்றது இதுலதான், விலையும் கம்மி, வேலையும் கம்மி.

இங்க ஒரு பொறி. வண்டியை லிஃப்ட்ல தூக்கி சக்கரம் தொங்கும்போது லிங்க் ராடைப் பிடிச்சு ஆட்டிட்டு 'டைட்டா இருக்கு சார்'னு சொல்வாங்க. தொங்கும்போது அது இழுபட்டு நிக்கும், லூஸ் தெரியாது. சக்கரத்துல எடை உக்காந்திருக்கும்போது ஆட்டிப் பாக்கணும். சந்தேகம் தீரலன்னா ரெண்டு பக்க லிங்க் ராடையும் கழட்டிக் கட்டி வச்சுட்டு மெக்கானிக் மெதுவா ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாம், சத்தம் போயிடுச்சுன்னா முடிஞ்சுது.

மூணாவது, வண்டியைத் தூக்கி வச்சு சக்கரத்தை ஆட்டுறது. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுனா ஆட்டம் தெரிஞ்சா பால் ஜாயிண்ட் இல்ல வீல் பேரிங், ரெண்டு பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டுனா தெரிஞ்சா ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற டை ராடு எண்ட் இல்ல ஸ்டியரிங் ரேக். ஜாக்கி மேல மட்டும் வண்டியை நிறுத்திட்டு அடில தலையை விடாதீங்க, ஸ்டாண்டு போடுங்க. பழைய ஜாக்கி சொல்லாமக் கொள்ளாம இறங்கும்.

நின்ன இடத்துல ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டங்னு ஸ்பிரிங் துள்ளுற மாதிரி வந்தா ஷாக் அப்சார்பரை மேல பாடியோட பிடிக்கிற ஸ்ட்ரட் மவுண்ட். காலி இடத்துல ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சு மெதுவா வட்டம் போட்டா கடக் கடக்னு வந்தா ஆக்சிலோட வெளி ஜாயிண்ட், ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் சக்கரத்து உள்பக்கம் தெறிச்சிருக்கும். ஷாக் அப்சார்பர்ல ஆயில் ஒழுகுதான்னு பாருங்க, ஒழுகலன்னா, வண்டியை அமுக்கி விட்டா ஒரு தடவை எழும்பி நின்னுடுதுன்னா, சத்தத்துக்காக மட்டும் அதை மாத்தாதீங்க. நான் மாத்துனேன்.

நாலாவது சோதனைதான் எங்கம்மா. ஒரு விசேஷத்துக்குப் போயிட்டுத் திரும்புறப்ப அந்தக் கல்லு ரோட்டுல பின்சீட்லேருந்து, 'ஏன்டா, நீ பிரேக்குல கால வச்சா சத்தம் நின்னுடுதே, எடுத்தா மறுபடி தட்டுது?'ன்னாங்க. நான் நம்பல. பிரேக்கை லேசா, வேகம் குறையாத அளவுக்குத் தொட்டுக்கிட்டே அதே கல்லு ரோட்டுல ஓட்டுனேன். சத்தமே இல்ல. காலை எடுத்தேன், டொக்டொக்டொக். ஸ்பீட் பிரேக்கர்ல ஏன் வரலன்னு அப்பத்தான் உறைச்சுது, அங்க எல்லாரும் பிரேக்குல கால வச்சுக்கிட்டேதானே ஏறுறோம்.

வீட்டுக்கு வந்து பில்லு ஃபைலைத் திறந்தா, சத்தம் ஆரம்பிக்கிறதுக்கு 12 நாள் முன்னாடி முன்பக்க பிரேக் பேட் மாத்தியிருக்கு. சக்கரத்தைக் கழட்டிப் பாத்தா, பேடை அசையாமப் பிடிச்சுக்கிற சின்ன ஸ்பிரிங் கிளிப் ஒரு பக்கம் இல்லவே இல்ல. பழசு துருப்பிடிச்சு ஒடைஞ்சிருக்கும், புதுசு போடாம பேடை மட்டும் செருகிட்டாங்க. கல்லு ரோட்டுல பேடு அந்த இடைவெளில குதிச்சுக்கிட்டே இருந்திருக்கு. கிளிப் செட் வாங்கிப் போட 20 நிமிஷம். அந்த நாலு மாசத்துல நான் குடுத்த பில்லுலயே சின்ன பில்லு அதுதான். பேடு மாத்துன அதே வொர்க்‌ஷாப்தான் ஷாக் அப்சார்பரும் மாத்துனது, அதை நெனச்சாதான் இப்பவும் எரியுது.

7. ஒரே ஒரு தட்டு மட்டும் வருதா

பிரேக்கை மிதிச்சுக்கிட்டு டிரைவ்லேருந்து ரிவர்ஸுக்கு மாத்தும்போது, இல்ல கிளட்சை விடும்போது ஒத்தை 'டொம்'. பெரும்பாலும் எஞ்சின் மவுண்ட் இல்ல கியர் பாக்ஸ் மவுண்ட், அதாவது அதுங்களைத் தாங்குற ரப்பர். பானெட்டைத் திறந்து வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருத்தர் உள்ள உக்காந்து கியர் மாத்த இன்னொருத்தர் பக்கவாட்டுல நின்னு பாருங்க, எஞ்சின் ஒரேயடியாத் தூக்கிப் போட்டா ரப்பர் போச்சு. வண்டிக்கு முன்னாடியோ பின்னாடியோ நிக்காதீங்க. ஆயில் நிரப்புன மவுண்ட்னா கீழ கருப்பா ஒழுகியிருக்கும். பின்பக்கம் தட்டுனா சைலென்சரைத் தாங்குற ரப்பரைப் பாருங்க, அது அறுந்து குழாய் பாடில இடிக்கும்.

8. வொர்க்‌ஷாப்ல பேசுறது

'சத்தம் வருது சார், பாருங்க'ன்னு சாவியைக் குடுத்துட்டு வராதீங்க. நோட்டைக் காட்டுங்க, மெக்கானிக்கைப் பக்கத்துல உக்கார வச்சு சத்தம் வர்ற ரோட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. ஜாப் கார்டுல 'சஸ்பென்ஷன் செக்'னு பொதுவா எழுத விடாதீங்க, 'கல்லு ரோட்டுல 20 கிமீ, பிரேக் தொட்டா நிக்குது'ன்னு நீங்க சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்க.

காசு விஷயத்துல, கண்டுபிடிக்கிற கூலி தனி, மாத்துற கூலி தனின்னு முதல்லயே பேசிடுங்க. ஒரு மணி நேரக் கூலி குடுத்து ஒழுங்காக் கண்டுபிடிக்க வைக்கிறது, ஓசில பாத்து ஊகத்துல ரெண்டு பார்ட் மாத்துறதை விட எப்பவும் மலிவு. எஸ்டிமேட்டை பார்ட்ஸ் தனியா, கூலி தனியா எழுதி வாங்குங்க. அதுக்கு மேல போனா போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் பண்ணணும்னு எழுதுங்க. பழைய பார்ட்டைத் திருப்பிக் குடுக்கணும்னு வேலைக்கு முன்னாடியே சொல்லுங்க, முடிஞ்சப்புறம் கேட்டா 'குப்பைக்குப் போயிடுச்சு'ம்பாங்க. ஒரு தடவைக்கு ஒரு பார்ட், மலிவானதுலேருந்து. எஞ்சினைத் திறக்கணும்னு சொன்னா கட்டாயம் ரெண்டாவது ஆள்கிட்ட காட்டுங்க.

லோயர் ஆர்ம் புஷ் மாத்துனா அந்த போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்குறப்ப வண்டியோட எடை சக்கரத்துல இருக்கணும். தொங்கும்போதே இறுக்கிட்டா கீழ இறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். இதை மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாலே, இவனுக்கு விஷயம் தெரியும்னு கொஞ்சம் உஷாராயிடுவாங்க. லோயர் ஆர்ம், டை ராடு மாத்துனா வீல் அலைன்மெண்ட் செலவும் சேரும், வெறும் லிங்க் ராடுக்கு தேவையில்ல, கேட்டா வேண்டாம்னுடுங்க.

9. எவ்ளோ நேரம் விடணும்

லிங்க் ராடு, பிரேக் கிளிப், சைலென்சர் ரப்பர் எல்லாம் காத்திருந்து வாங்கிட்டு வரலாம், துருப்பிடிச்ச நட்டு மக்கர் பண்ணலன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும். லோயர் ஆர்ம், எஞ்சின் மவுண்டுக்கு அரை நாள் விடுங்க. டைமிங் செயின், ஃபிளெக்ஸ் பிளேட்னா ஒண்ணு ரெண்டு நாள், ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கு கியர் பாக்ஸை இறக்கணும். எஞ்சின் பிரிச்சா லேத்துக்குப் போகணும், பார்ட்ஸ் வரணும், வாரக்கணக்கு ஆகும், அந்த நாள்லாம் வேற வண்டிக்கு ஆகுற செலவையும் கணக்குல சேத்துக்கோங்க. பழைய மாடலுக்கு பார்ட்ஸ் கிடைக்கவே நாளாகும், அதனால பார்ட் கைக்கு வந்தப்புறம் வண்டியை விடுங்க, முன்னாடியே விட்டா பிரிச்சுப் போட்டபடி மூலையில நிக்கும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, நோட்டுல எழுதுன அதே ரோட்டுல, அதே வேகத்துல, அதே மாதிரி சூடாவோ குளிர்ச்சியாவோ ஓட்டிப் பாத்துட்டு மிச்சக் காசைக் குடுங்க. சக்கரம் கழட்டுன வேலைன்னா 50லேருந்து 100 கிலோமீட்டர் ஓட்டுனப்புறம் வீல் நட்டை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்க. பில்லுல என்ன கழட்டுனாங்கன்னும் எழுதி வாங்குங்க, என்ன மாத்துனாங்கன்னு மட்டும் போதாது. அடுத்த சத்தம் வரும்போது நீங்க முதல்ல தேடப்போறது அந்த வரியைத்தான்.